பவளப் பாறை முடிந்ததும்

786

மகாபலிபுரம்
14.2.1973

அன்புள்ள மச்சானுக்கு லத்தீஃபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மூக்குக்குத்தான் சுகமில்லை.

நீங்கள் மண்டபத்தில் ரயிலேற்றிய பெட்டிகள் வந்து சேர்ந்தன. செங்கல்பட்டு ஸ்டேஷனில் ஹயாத் பாஷா அண்ணன்தான் இறக்கித் தன் மண்டியில் வைத்திருந்தார். வெங்காயம் எடுக்க வந்தவர்கள் யாரும் உள்ளே நிற்கவில்லையாம். "ஏம்மா, உன் வூட்டுக்காரரு பூ அனுப்புறாரா, பொணம் அனுப்புறாரா? ஒரே பேஜாரா கீது" என்று சத்தம் போட்டார். அண்ணன் கோபம் அரை நாள்தான். பிறகு அவரே பெட்டிகளைத் திருக்கழுக்குன்றம் வழியாக வரும் பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டார்.

இப்போது பின்பக்கத் தொட்டி நிறைய உங்கள் பவளக் கல்பூக்கள் ஊறுகின்றன. மேலே ஒட்டியிருக்கும் கொழகொழப்பெல்லாம் நல்ல தண்ணீரில் அழுகிப் போக ஒரு வாரம் ஆகிறது. அப்புறம் பிளீச்சிங் பவுடர், அப்புறம் வெயில். நம் கடைக்கு வந்துவிட்டால் மல்லிகைப் பந்து மாதிரி உட்கார்ந்திருக்கும். அதற்கு நான் படும் பாட்டை யார் கேட்கிறார்கள்? பக்கத்து வீட்டு லோகநாயகி கேட்கிறாள். "இன்னாக்கா, வூட்ல எலி கிலி செத்துகினு கீதா?" உன் வீட்டுக்காரர் தினமும் மீன் கூடையோடு வருகிறாரே, அதைவிடவா என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவளுக்கென்ன, தினமும் வருகிறார்.

நேற்று ஒரு வெள்ளைக்காரி கல்பூ ஒன்றைக் கையில் எடுத்து, கடலுக்குள் இருக்கும்போது இது என்ன நிறம் என்று கைடு மூலம் கேட்டாள். வெள்ளைதான் என்று சொல்லி விற்றுவிட்டேன். அவள் போன பிறகுதான் எனக்கே தெரியாது என்பது உறைத்தது. என்ன நிறம் மச்சான்?

கிளம்பும்போது ஆறு மாதம் என்றீர்கள். அது போன மாதமே முடிந்துவிட்டது. நினைவூட்டத்தான் எழுதினேன், சண்டைக்கு இல்லை.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்
லத்தீஃபா


786

மண்டபம்
2.3.1973

அன்பு மனைவி லத்தீஃபாவுக்கு அப்துல் சுபஹான் சலாம் சொல்லி எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. மூக்குக்கு என் வருத்தத்தைச் சொல்.

நிறம் கேட்டாய். ஊறவைத்த பச்சைப் பயறு தோலோடு இருக்குமே, அந்த நிறம். சிலதற்கு நுனி மட்டும் நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி இருக்கும். எடுத்துக் கரையில் போட்டால் அந்த நிறம் நிற்பதில்லை. ஆகையால் நீ சொன்னதும் பொய் இல்லை.

இங்கே வேலை இப்படி. கடலடியில் கிடக்கும் பவளப் பாறையைப் பார் என்கிறார்கள். மண்டபத்துக்கு எதிரே உள்ள தீவுக்கு முன்னால் மதில் போல நீளமாகக் கிடக்கிறது. தண்ணீர் இறங்கும் நேரத்தில் ஆட்கள் முங்கி, கடப்பாரையால் நெம்பி, வள்ளத்தில் ஏற்றுகிறார்கள். காண்டிராக்டருக்கு வேண்டியது வெறும் கல். அது சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகிறது. கிளை கிளையாக நன்றாக இருப்பதை நான் முங்கிப் பார்த்து நம் கடைக்கு ஒதுக்குகிறேன். மேஸ்திரிக்குக் கரையில் நிற்கத் தெரியாதா என்று வள்ளக்காரன் ஏசுபாதம் கேட்கிறான். அவன் குடிசையை ஒட்டிய கொட்டகையில்தான் தங்கியிருக்கிறேன். எனக்குக் கரையில் நிற்கப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால், தண்ணீருக்குள் இருக்கும்போது எனக்கு எந்தக் கவலையும் நினைவுக்கு வருவதில்லை. உன் நினைவுகூட வருவதில்லை. கோபித்துக்கொள்ளாதே. மேலே வந்ததும் வருகிறது.

கல் உள்ளவரை வேலை என்று காண்டிராக்டரோடு பேச்சு. ஏற்ற வேலையை நடுவில் விட்டு எனக்குப் பழக்கம் இல்லை என்று உனக்குத் தெரியும். இந்தப் பார் முடிந்ததும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்
அப்துல் சுபஹான்


786

மகாபலிபுரம்
20.5.1973

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தண்ணீருக்குள் என் நினைவு வராது என்பதை எழுதத்தான் வேண்டுமா? மனதோடு வைத்துக்கொண்டால் தபால்காரர் கோபித்துக்கொள்வாரா? நானும் உங்களை மறந்து பார்க்கலாம் என்றால் இங்கே முங்குவதற்குத் தண்ணீர் இல்லை. கிணறு வற்றிவிட்டது.

ஆனால் கடிதத்தின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டேன். பார் முடிந்ததும் வருவீர்கள். அப்படியானால் அது சீக்கிரம் முடிய வேண்டும். நான் இங்கே ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் முடியுமா? அதனால் விற்கத் தொடங்கிவிட்டேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிறார்களே, அங்கே வேலை பார்க்கும் கேசவன் என்பவரின் மனைவி ராஜம் ஷோகேஸில் வைக்க ஒன்று வாங்கிப் போனாள். அங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி வீடு, எல்லா ஷோகேஸும் ஒரே மாதிரி ஷோகேஸ். ஒருத்தி வைத்தால் அடுத்தவள் வைத்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் குவார்ட்டர்ஸ் பெண்கள் பஸ் பிடித்து வருகிறார்கள். மதறாஸில் மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர் ஒருவரும் எவ்வளவு வந்தாலும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஆகவே நிறைய அனுப்புங்கள். பவுடரில் என் கை வெந்தாலும் பரவாயில்லை. தட்டில் மிச்சம் வைக்காமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருப்பது போல அந்தப் பாரை முடித்துவிட்டு எழுந்து வாருங்கள். தொழுதுவிட்டுக் கையேந்தும்போதும் அதைத்தான் கேட்கிறேன். சீக்கிரம் கல் தீரட்டும் என்று துஆ கேட்கும் கடைக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

உங்கள்
லத்தீஃபா


786

மண்டபம்
8.8.1973

அன்பு லத்தீஃபாவுக்கு சலாம்.

நீ கேட்டபடி பெட்டிகள் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன். பூ எடுக்கும் இடத்தில் கல்லும் சேர்ந்து வருவதால் காண்டிராக்டருக்குச் சந்தோஷம். இன்னும் சில வள்ளங்களை என் பொறுப்பில் விட்டிருக்கிறார். போன வருஷம் இடுப்பளவுத் தண்ணீரில் கிடைத்தது. இப்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆழம் போக வேண்டியிருக்கிறது. காலெல்லாம் வெட்டு. இந்தக் கல் வெட்டினால் லேசில் ஆறாது.

ஏசுபாதம் முன்பு போல முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவன் வலையில் பார் மீன் படுவதே இல்லையாம். எங்கே போய்விடும், வரும் என்று சொல்லி வைத்தேன்.

பெருநாளுக்குள் இந்தப் பார் முடிந்துவிடும் என்று தோன்றுகிறது. உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

அன்புடன்
அப்துல் சுபஹான்


786

மகாபலிபுரம்
12.11.1973

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெருநாளுக்கு வந்தீர்கள். கண்ணால் பார்த்தேன், மறுக்கவில்லை. மண்டபத்துப் பார் முடிந்துவிட்டது என்று உங்கள் வாயால் சொன்னீர்கள். அப்போது நான் பிரியாணிச் சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தேன். சந்தோஷத்தில் கை நின்றுவிட்டது. சாப்பிட உட்கார்ந்ததும் இரண்டாவது கவளத்தில் கீழக்கரை என்றீர்கள். அங்கே இன்னொரு பார் இருக்கிறதாம், காண்டிராக்டர் உங்களைத்தான் நம்பியிருக்கிறாராம். காலில் போட்ட மஞ்சள் பற்று காய்வதற்குள் தந்தி வந்தது, போய்விட்டீர்கள்.

"உன் வூட்டுக்காரரு வந்துகினு கீறாரா, போய்கினு கீறாரா?" என்று லோகநாயகி கேட்கிறாள். வேடிக்கையாகத்தான் கேட்டாள். நீங்கள் கழற்றிப் போட்ட சட்டையை இன்னும் துவைக்கவில்லை. கடல் வாடைதான் அடிக்கிறது, ஆனாலும் துவைக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், முடியாது என்று சொல்லக் கூடாது. பகலெல்லாம் உங்களோடு இருப்பது அந்தக் கல்பூதான். அதை உயிரோடு, நிறத்தோடு எனக்கு ஒரு தடவை காட்டுங்கள். சக்களத்தி முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் தப்பா?

உங்கள்
லத்தீஃபா


786

கீழக்கரை
10.1.1974

அன்பு லத்தீஃபாவுக்கு சலாம்.

நீ கேட்டதை அனுப்புகிறேன். எங்கள் கல் லாரி ஓட்டும் அப்பாசாமிக்கு ஊர் கருங்குழி. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர், அப்படியே செங்கல்பட்டு வரை வந்து உன் அண்ணன் மண்டியில் கொடுத்துவிடுவார். மண்ணெண்ணெய்த் தகரத்தை நன்றாகக் கழுவி, கடல் தண்ணீர் நிரப்பி, உள்ளே வைத்திருக்கிறேன். கையளவுப் பூதான். நல்ல தண்ணீர் ஒரு சொட்டு விடாதே. வெயில் படக் கூடாது. காலையும் மாலையும் கடல் தண்ணீர் மாற்று.

எத்தனை நாள் இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. நான் எடுத்ததில் எதையும் யாரும் உயிரோடு கேட்டதில்லை.

அன்புடன்
அப்துல் சுபஹான்


786

மகாபலிபுரம்
3.2.1974

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தகரம் பத்திரமாக வந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள், இந்தத் தட்டுப்பாட்டில் மண்ணெண்ணெய் எங்கே கிடைத்தது என்று திருக்கழுக்குன்றம் வரை விடாமல் கேட்டாள்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு காலையும் மாலையும் கடலுக்கு நடந்தேன். "கடத்தண்ணியிலயா சோறாக்கப் போற?" என்று லோகநாயகி கேட்டாள். ஆமாம், விருந்தாளி வந்திருக்கிறது என்றேன்.

பச்சைப் பயறு நிறம்தான், சரியாகவே எழுதியிருந்தீர்கள். மஃரிப் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் அதன் மேல் முழுக்க மெல்லிசாக என்னவோ எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோனதும் உள்ளே இழுத்துக்கொண்டது. பூ பூ என்று இத்தனை நாள் விற்றேனே மச்சான், அத்தனையும் வாய். பசித்த சின்னச் சின்ன வாய்கள். என்ன தின்னும் என்று நீங்கள் எழுதவில்லை. கருவாட்டைப் பொடித்துத் தூவினேன். சிலது பிடித்துக்கொண்டன. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் வேறொரு உயிருக்குச் சாப்பாடு வைத்தது அன்றைக்குத்தான். அதோடு பேசிக்கூடப் பார்த்தேன். உங்களைப் பற்றித்தான், கொஞ்சம் குறையாக.

நாலைந்து நாளில் ஒரு காலை எழுந்து பார்த்தால் வெள்ளை. பவுடர் இல்லை, வெயில் இல்லை, அதுவாகவே வெளுத்துவிட்டது. மத்தியானம் அந்த வாடை வந்தது. தொட்டியில் இத்தனை நாள் அடித்த அதே வாடை. ஊறவைத்து ஊறவைத்து நான் கழுவிக் கொட்டியதெல்லாம் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ராஜம் தன் தங்கைக்கு ஒன்று கேட்டு வந்தாள். இல்லை என்றேன். "அதோ அலமாரியில இருக்கே" என்றாள். அது விற்பதற்கு இல்லை என்றேன். வருத்தப்பட்டுப் போய்விட்டாள்.

மச்சான், நான் விற்கிற வேகத்தில் நீங்கள் வீட்டுக்கு வருவீர்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. எவ்வளவு வேகமாக விற்றேனோ அவ்வளவு வேகமாக நீங்கள் தள்ளித் தள்ளிப் போகிறீர்கள். இனி எனக்குப் பூ அனுப்பாதீர்கள். மாக்கல் யானையும் மாக்கல் விளக்கும் வாங்கி வைத்து விற்றுக்கொள்கிறேன். கீழக்கரைப் பார் முடிய வேண்டாம். அதில் மிச்சம் இருக்கும்போதே விட்டுவிட்டு வாருங்கள். நடுவில் விட்டால் குடி முழுகிப் போகாது.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்
லத்தீஃபா


786

தூத்துக்குடி
20.10.1975

அன்பு லத்தீஃபாவுக்கு சலாம்.

உன் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன. ஒவ்வொரு தடவையும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். நீ வேண்டாம் என்றதால் பூவை நேராக மவுண்ட் ரோட்டுக்கே அனுப்பிக்கொண்டிருந்தேன். இனி அதுவும் இல்லை. கீழக்கரை போன வருஷமே தீர்ந்தது. இங்கும் முடிந்துவிட்டது.

முங்கினால் மணலும் உடைந்த துண்டும்தான். மீன்கூட இல்லை. முன்பு அலை தூரத்திலேயே பாரில் மோதி உடைந்துவிடும், தீவுக்கும் கரைக்கும் தண்ணீர் மெதுவாகத்தான் வரும். இப்போது நேரே வந்து கரையை அறுக்கிறது. போன வாரம் ஏசுபாதம் மண்டபத்திலிருந்து வேலை தேடி இங்கே வந்திருந்தான். "நாம இருந்த கொட்டாயி கெடந்த எடத்துல இப்ப வள்ளம் ஓட்டலாம் பாய்" என்றான். அவன் குடிசையும் போய்விட்டதாம். கோபமாகச் சொல்லவில்லை. அவனும் நானும் சேர்ந்து எடுத்த கல். அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்தமானில் கல் இருப்பதாகக் காண்டிராக்டருக்குத் தகவல். ஆட்களோடு என்னைப் போகச் சொல்கிறார். நவம்பர் 13, வியாழக்கிழமை காலையில் எங்கள் வண்டி செங்கல்பட்டில் கொஞ்ச நேரம் நிற்கும். அன்றைக்கே மதறாஸில் கப்பல் ஏற வேண்டும், அதனால் வீட்டுக்கு வந்து போக நேரம் இல்லை. நீ ஸ்டேஷனுக்கு வா. முகத்தையாவது பார்த்துக்கொள்வோம். அங்கே முடிந்ததும் நேராக வீடுதான்.

அன்புடன்
அப்துல் சுபஹான்


786

மகாபலிபுரம்
30.10.1975

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

ஸ்டேஷனுக்கு வருகிறேன். வழியனுப்ப என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். கூட்டிக்கொண்டு போக வருகிறேன்.

ஏற்ற வேலையை நடுவில் விடமாட்டேன் என்பீர்கள். இப்போது நடு எங்கே இருக்கிறது? மண்டபம் முடிந்தது, கீழக்கரை முடிந்தது, தூத்துக்குடி முடிந்தது. எது நடந்தால் வருவேன் என்றீர்களோ அது மூன்று தடவை நடந்துவிட்டது. அந்தமானில் இருப்பது அங்கேயே இருந்துவிட்டுப் போகட்டும். அதற்கு நம்மால் ஒரு உபகாரமும் வேண்டியதில்லை, நாம் போகாமல் இருந்தால் போதும்.

எனக்குக் காதோரம் நரைத்துவிட்டது. அடையாளம் தெரியாமல் போகும் என்று பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நிற்பேன். உங்கள் பெட்டி கனமாக இருக்கும். வாசலில் நின்று முதலில் அதை என்னிடம் கொடுங்கள், நான் வாங்கி வைக்கிறேன். பிறகு நிதானமாக இறங்குங்கள். கால் புண்ணோடு குதிக்க வேண்டாம். அண்ணன் மண்டியில் சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்தால் மத்தியானத்துக்குள் வீடு.

எனக்கு உங்கள் மேல் கோபம் நிறைய இருக்கிறது. ஆசையும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அது இருக்கும்போதே வந்துவிடுங்கள்.

உங்கள்
லத்தீஃபா


786

மகாபலிபுரம்
9.12.1975

மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போர்ட் பிளேர் விலாசத்தை அண்ணன் காண்டிராக்டரின் ஆளிடம் விசாரித்து வாங்கித் தந்தார். கூட இருந்தவருக்கே நடந்ததை எழுதுவது வேடிக்கைதான். ஆனால் நீங்கள் வண்டியில் நின்றீர்கள், நான் கீழே நின்றேன். கீழேயிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

வண்டி வந்தபோது நீங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தீர்கள். யாரையும் தேடவில்லை, நேராகக் குழாயடியைப் பார்த்தீர்கள். என் கடிதம் கிடைத்திருக்கிறது என்று அப்போதே தெரிந்துகொண்டேன். வண்டி நின்றதும் குனிந்து ஒரு தகரத்தை நீட்டினீர்கள். சாமானை முதலில் கொடுக்கிறீர்கள் என்று நினைத்தேன். வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அடுத்ததற்காகக் கையை நீட்டினேன். நீங்கள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "தூத்துக்குடியில கடைசியா இருந்தது, உனக்குன்னு எடுத்து வச்சேன், உசுரோட கீது" என்றீர்கள். நான் கையை விடவில்லை. இறங்குங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. நீங்கள் உள்ளே திரும்பி, உங்கள் ஆட்கள் பார்க்கிறார்களா என்று பார்த்தீர்கள். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். பிறகு தகரத்தை யாராவது தட்டிவிட்டுவிடுவார்களே என்று திரும்பி ஓடினேன் பாருங்கள், அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

அண்ணன் மண்டி வாசலில் இரண்டு பேருக்கு நாஸ்தா வாங்கி வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "இன்னாம்மா, மச்சான் எங்க" என்று ஆரம்பித்தவர், தகரத்தைப் பார்த்துவிட்டு அதை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "வா, துன்னுட்டுப் போ" என்றார். சாப்பிட்டேன். அவர் எதிரே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸை விட்டு இறங்கி நான் வீட்டுக்குப் போகவில்லை. கடற்கரைக் கோயிலைத் தாண்டிப் பாறைகள் கிடக்கின்றனவே, அங்கே போய்த் தகரத்தைத் திறந்து பார்த்தேன். பச்சைப் பயறு நிறம். நுனியில் நாவல்பழம். முதலில் அனுப்பியதைவிட அழகாக இருந்தது. எனக்காகத் தேடித்தான் எடுத்திருப்பீர்கள், அதை நான் மறுக்கவில்லை. தண்ணீருக்குள் என் நினைவு வராது என்று ஒரு தடவை எழுதினீர்கள், அன்றைக்கு வந்திருக்கிறது. புடவை நனைய இறங்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் தண்ணீர் வந்து போகிற இடத்தில் அதை வைத்துவிட்டு வந்தேன். இந்தக் கலங்கல் தண்ணீரில் அது பிழைக்காது என்று தெரியும். என் தொட்டியில் வெளுக்க வேண்டாம் என்று நினைத்தேன், அவ்வளவுதான். தொட்டியில் இப்போது லோகநாயகியின் மாடு தண்ணீர் குடிக்கிறது.

நீங்கள் நலமாக இருக்க வேண்டும் என்று துஆ கேட்கிறேன், அதில் குறை வைக்க மாட்டேன். கடை நடக்கிறது, என் சாப்பாட்டுக்கு வருகிறது. ஆனால் முடிந்ததும் வருகிறேன் என்று இனி எனக்கு எழுதாதீர்கள். அந்தப் பாறைப் பக்கம் நான் அடிக்கடி நடந்து போக வேண்டியிருக்கிறது. குனிந்து பார்ப்பதில்லை. முடிந்துவிட்டதா, முடிந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் வேலையை நான் விட்டுவிட்டேன்.

வஸ்ஸலாம்.

லத்தீஃபா